காசாபிளாங்கா டிராமில் பயணம் செய்வது எப்படி: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மொரோக்கோவின் காசாபிளாங்கா நகரில் டிராம் ஏறுவது கடினமான காரியமன்று. ஆயினும் புதிதாக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தால், தவறான பக்கத்து நடைமேடை, பழைய வரைபடம், முனையத்தின், அதாவது தடத்தின் கடைசி நிறுத்தத்தின், பெயர் தெரியாமை என்று, ஏறக்குறைய எல்லாத் தவறுகளும் வண்டி வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. எனவே இந்த வழிகாட்டி ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை விரிவாகவும், ஏறிய பிறகு செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகவும் சொல்கிறது. படிகளை இங்கே தரப்பட்டிருக்கும் வரிசையிலேயே பின்பற்றுவது நல்லது. சீட்டை வாங்கிய பிறகு திசையைத் தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் பிழை.

1. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை சில்லறை. வங்கி இயந்திரங்கள் பெரும்பாலும் 100, 200 திர்ஹம் நோட்டுகளையே தருகின்றன. டிராம் கட்டணமோ ஒற்றை இலக்கத் திர்ஹம் அளவிலானது. பெரிய நோட்டுடன் சீட்டு இயந்திரத்தின் முன் நின்றால், பின்னால் வரிசை நீளுமே தவிர வேலை முடியாது. காலையில் ஒரு தேநீர்க் கடையிலோ மளிகைக் கடையிலோ நோட்டை மாற்றி, 1, 2, 5, 10 திர்ஹம் நாணயங்களைச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தற்போதைய தட வரைபடம். 2024 செப்டம்பருக்கு முன் அச்சான எந்த வரைபடத்திலும் மூன்றாம், நான்காம் தடங்கள் இராது. 2019க்கு முந்தைய வரைபடம் அதைவிட மோசமானது. அதை நம்பினால் வேறு ஊர்க்கோடியில் போய் இறங்க நேரிடும். காரணத்தை அடுத்த பகுதியில் காண்க.

மூன்றாவது, நீங்கள் செல்லும் திசையின் முனையப் பெயர், கைப்பேசியிலோ தாளிலோ எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். பெயர்ப்பலகைகள் அரபு எழுத்திலும் இலத்தீன் எழுத்திலும் இருக்கும். எழுதி வைத்ததைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, காதால் கேட்ட பெயரை நினைவில் வைத்துத் தேடுவதைக் காட்டிலும் எளிது. வழி கேட்கும்போது காட்டுவதற்கும் அதுவே உதவும்.

2. தடங்களை முனையங்களின் வழியே புரிந்துகொள்ளுதல்

இங்குள்ள டிராம்களைத் தட எண்ணாலும் முனையப் பெயராலும் அடையாளம் காண வேண்டும். எண் மட்டும் தெரிந்தால் போதாது. ஒரே எண்ணுடைய வண்டி இரண்டு திசைகளிலும் ஓடுகிறது.

டி1 தடம் கிழக்கே சிதி மூமினிலிருந்து தொடங்கி, காசா வோயாஜர் இரயில் நிலையத்தையும் நகர மையத்தையும் கடந்து, தென்மேற்கே லிஸ்ஸாஸ்ஃபா வரை செல்கிறது. புதியவர் ஒருவர் முதல் சில நாட்களில் பயன்படுத்தப் போவது பெரும்பாலும் இதுவே.

டி2 தடம் வடகிழக்கே சிதி பர்னூசியிலிருந்து கிளம்பி, நகர மையத்தின் சதுக்கங்களைத் தொடாமல் தெற்குப் பக்கமாக வளைந்து, மேற்கே ஐன் தியாப் கடற்கரையை அடைகிறது. டி3 காசா போர் என்னும் துறைமுக இரயில் நிலையத்துக்கும் ஹை அல்-வஹ்தாவுக்கும் இடையே ஓடுகிறது. டி4 அரபு லீக் பூங்காவிலிருந்து தென்கிழக்குக் குடியிருப்புகளை நோக்கிச் செல்கிறது. கடைசி இரண்டும் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டவை.

இப்போது அந்தப் பழைய வரைபடச் சிக்கலுக்கு வருவோம். 2012 டிசம்பர் 12 அன்று டிராம் தொடங்கியபோது இருந்தது ஒரே தடம். அது மேற்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை ஐன் தியாப் கடற்கரைக்கும் மற்றொன்று பல்கலைக்கழகப் பகுதிக்கும் சென்றது. 2019 ஜனவரியில் டி2 திறக்கப்பட்டபோது கடற்கரைக் கிளை அதனோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே நகர மையத்தில் ஏறினால் நேரே கடற்கரையில் இறங்கலாம் என்று எழுதியிருக்கும் எல்லாப் பயணக் குறிப்புகளும் இன்று தவறானவை. இணையத்தில் இந்தக் குறிப்புகள் இன்னும் ஏராளமாகக் கிடக்கின்றன. கடற்கரைக்குப் புறப்பட்டு, துண்டும் கையுமாக லிஸ்ஸாஸ்ஃபா போய்ச் சேரும் குடும்பங்கள் அவற்றை நம்பியவர்களே.

3. செல்லும் இடத்தை நிறுத்தமாக மாற்றுதல்

உங்கள் இடத்துக்கு மிக அருகிலுள்ள நிறுத்தத்தை, இடத்தின் பெயரை வைத்து ஊகிக்காமல் வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். இதை வலியுறுத்தக் காரணம், ஐந்தாம் முகம்மது மன்னரின் பெயர் இந்த நகரில் ஒரு சதுக்கத்துக்கும், ஒரு பெருஞ்சாலைக்கும், ஒரு விளையாட்டரங்குக்கும், நகருக்கு வெளியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விமான நிலையத்துக்கும் ஒருசேரச் சூட்டப்பட்டிருக்கிறது. சதுக்கமும் பெருஞ்சாலையும் டி1 தடத்தை ஒட்டியவை. விளையாட்டரங்கு மஆரிஃப் பகுதியில் இருக்கிறது. விமான நிலையத்துக்கு டிராமே கிடையாது. ஆறாம் முகம்மது பெருஞ்சாலை என்று தனியாக இன்னொன்றும் உண்டு என்பதால், வழி சொல்பவர் 'முகம்மது' என்று தொடங்கியதுமே தலையாட்டிவிடாமல் முழுப் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதீனா எனப்படும் பழைய நகரப் பகுதிக்குச் செல்ல ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில் இறங்க வேண்டும். பலகையில் இது பிரெஞ்சில் 'ப்ளாஸ் தே நாசியோன் யுனி' என்றிருக்கும். மீனும் பழமும் வாங்கச் செல்பவர்களுக்கும், அந்தக் காலப் பிரெஞ்சுக் கட்டடங்களைப் பார்க்க விரும்புபவர்களுக்கும் 'மார்ஷே சென்ட்ரால்' நிறுத்தம் பொருத்தமானது.

இரண்டாம் ஹசன் பள்ளிவாசலுக்கு எதிரே இறக்கிவிடும் டிராம் தடம் எதுவும் இல்லை. இதை முன்பே ஏற்றுக்கொண்டால் நேரம் மிச்சமாகும். ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில் இறங்கி, மதீனாவின் ஓரமாக அரை மணி நேரம் நடக்கலாம். வெயில் அதிகமென்றால் அங்கிருந்து சிவப்பு நிறச் சிறு டாக்சி பிடிப்பதே அறிவுடைமை. அதேபோல் மொரோக்கோ மால் என்னும் பெரிய அங்காடி ஐன் தியாப் முனையத்தை ஒட்டியிருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது கடற்கரைச் சாலையில் மேலும் மேற்கே தள்ளி இருக்கிறது. குழந்தைகளோடு நடக்கக்கூடிய தூரமன்று.

4. சரியான பக்கத்து நடைமேடையைக் கண்டுபிடித்தல்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்கள் அதிகம் ஏமாறும் படி இதுதான். நம் ஊர்களில் வண்டிகள் சாலையின் இடப்புறம் ஓடுகின்றன. மொரோக்கோவில் வலப்புறம். டிராமும் வலப்பக்கத் தண்டவாளத்திலேயே செல்லும். நாம் நினைத்துப் பார்க்காமலேயே கால் பழக்கப்பட்ட பக்கத்துக்கு நடந்துவிடுகிறது.

எளிய சோதனை ஒன்று: நீங்கள் போக விரும்பும் திசையை நோக்கி முகத்தைத் திருப்பித் தண்டவாளத்தை ஒட்டி நில்லுங்கள். உங்களுக்குரிய தண்டவாளம் இரண்டில் வலப்பக்கம் இருப்பது. அதை ஒட்டிய நடைமேடையின் நுழைவுப் பலகையில் எழுதியிருக்கும் முனையப் பெயரும் உங்கள் தாளில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இந்தச் சரிபார்ப்பை இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீட்டைக் கருவியில் வைத்து உள்ளே நுழைந்த கணமே ஒரு பயணம் கழிந்துவிடும். எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்று பிறகு உணர்ந்து வெளியே வந்தால், அங்கே இன்னொரு பயணம் கழியும். தொகை சிறியதுதான் என்றாலும், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது எரிச்சலான தொடக்கம்.

5. சீட்டு வாங்குதல்

நிறுத்தத்தின் நுழைவருகே தானியங்கிச் சீட்டு இயந்திரங்கள் இருக்கும். முதலில் திரையில் மொழியைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய பயணி விட்டுச் சென்ற மொழியிலேயே அவசரமாகப் பொத்தான்களை அழுத்திச் செல்வது வீண் வேலை.

கட்டணம் தூரத்தைப் பொறுத்ததன்று. இரண்டு நிறுத்தம் போனாலும் கோடியிலிருந்து கோடிக்குப் போனாலும் ஒன்றே. எனவே சேருமிடத்தைத் திரையில் தேட வேண்டியதில்லை. எத்தனை பயணங்கள் என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும்.

தரப்படும் சீட்டு, தொடாமலே படிக்கக்கூடிய சில்லு பதித்த அட்டை. மீண்டும் பயணம் ஏற்றிப் பயன்படுத்தும் வகையைத் தேர்ந்தெடுத்தால், முதல் முறை அட்டைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு பயணத்துக்கான தொகை மட்டுமே. ஆகவே அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, இயந்திரத்தில் 'புதிய சீட்டு' என்பதற்குப் பதிலாகப் 'பயணம் ஏற்றுக' என்ற வழியில் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய அட்டை வாங்கி, பணப்பையில் அவற்றை அடுக்கி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் அங்கே வேலைக்கு வந்து வாரங்கள் கடந்தவர்கள்.

அட்டை தலைக்கு ஒன்றாக இருக்கட்டும். ஓர் அட்டையைக் காட்டி மூன்று பேர் நுழைய முயல்வது வாயிலிலேயே சச்சரவை வரவழைக்கும். பரிசோதகர் கேட்கும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருப்பதே தெளிவு. நீண்ட நாள் தங்குபவர்கள், நாள்தோறும் ஒரே வழியில் போய்வருவதானால், விற்பனை அலுவலகத்தில் அடையாளச் சான்றைக் காட்டி மாதச் சீட்டுப் பெறுவது இலாபம்.

நகரப் பேருந்துகளை 2019இன் இறுதியிலிருந்து வேறு நிறுவனம் நடத்துகிறது. அந்தப் பேருந்தில் வாங்கிய சீட்டு டிராமில் செல்லாது.

6. நுழைவில் சரிபார்த்தல்

சீட்டை நடைமேடையின் நுழைவிலுள்ள கருவியில் வைத்துச் சரிபார்த்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். வண்டிக்குள் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது, வேறு நகரங்களின் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதாகும்.

அட்டையைக் கருவியின் முகப்பில் சேர்த்து வைத்து, ஒலியோ விளக்கோ வரும்வரை அசைக்காமல் பிடியுங்கள். வேகமாகத் தேய்த்து இழுத்தால் படிக்காது. கைப்பேசி உறைக்குள் வங்கி அட்டையோடு சேர்த்து வைத்திருந்தால் அதையும் பிரித்து எடுங்கள். இரண்டு சில்லுகள் ஒன்றாக இருந்தால் கருவி குழம்புவது இயல்பு. இறங்கி வெளியே வரும்வரை அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

7. ஏறுதலும் இறங்குதலும்

டி1, டி2 தடங்களில் ஓடும், ஆல்ஸ்டம் நிறுவனத்தின் சிட்டாடிஸ் வகை வண்டிகள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டிருப்பதால் மொத்த நீளம் 60 மீட்டரைத் தாண்டும். நடைமேடையின் நுழைவு பெரும்பாலும் ஒரு முனையில் அமைந்திருப்பதால், உள்ளே வந்த எல்லோரும் அங்கேயே குவிந்துவிடுகிறார்கள். நுழைவிலிருந்து தள்ளி, மறு கோடிவரை நடந்து நின்றால் இடம் கிடைக்கும்.

இணைக்கப்பட்ட இரண்டு வண்டிகளுக்கும் இடையே உள்வழி கிடையாது. உடன் வந்தவர் முன் வண்டியிலும் நீங்கள் பின் வண்டியிலும் ஏறிவிட்டால் பயணத்தின் நடுவே சேர முடியாது. குழந்தைகளோடு செல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே கதவின் வழியாக ஏறுங்கள்.

தளம் நடைமேடையின் மட்டத்திலேயே இருப்பதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் சிரமமின்றி ஏறும். கதவுப் பொத்தான் ஒளிர்ந்தால் அழுத்துங்கள். இறங்குபவர்களுக்கு முதலில் வழிவிடுவது இங்கே எப்போதும் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனவே நீங்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே கதவை நோக்கி நகரத் தொடங்குங்கள். நெரிசலில் கைப்பேசியைப் பின்பையில் வைப்பதும், முதுகுப்பையை முதுகிலேயே சுமந்து நிற்பதும் திருடனுக்குச் செய்யும் உதவி.

8. தடம் மாறுதல்: நகர மையத்திலிருந்து ஐன் தியாப் வரை

மாறிச் செல்லும் பயணத்துக்கு இதையே மாதிரியாகக் கொள்ளலாம். வரிசை இதுதான்:

ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில், லிஸ்ஸாஸ்ஃபா திசையிலான நடைமேடையில் டி1 ஏறுங்கள். ஐன் தியாப் என்ற பலகையை இங்கே தேடாதீர்கள். அது இந்தத் தடத்தில் வராது. வண்டி ஐந்தாம் முகம்மது சதுக்கத்தைக் கடந்து மேற்கே செல்லும்.

அப்துல்மூமின் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து அருகிலுள்ள அன்வால் பகுதியின் டி2 நடைமேடைக்கு நடந்து செல்ல வேண்டும். இறங்கிய மேடையிலேயே நின்றுகொண்டு டி2 வரும் என்று காத்திருப்பது வழக்கமான பிழை. கூட்டத்தின் பின்னாலேயே போகாமல் பலகையைப் பார்த்து நடங்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் சாலையைக் கடந்து வீட்டுக்குப் போகிறவர்கள்.

டி2 நடைமேடையில் மீண்டும் நான்காம் படியின் சோதனையைச் செய்து, ஐன் தியாப் என்றிருக்கும் பக்கத்தில் அட்டையை மறுபடி சரிபார்த்து உள்ளே செல்லுங்கள். மாறும்போது சரிபார்க்கத் தேவையில்லை என்று எண்ணிப் பக்கவாட்டில் புகுந்தால் பரிசோதகரிடம் அகப்பட்டுக்கொள்வீர்கள். இடையில் சாப்பிட உட்கார்ந்துவிடாமல் நேரே மாறுங்கள்.

டி1, டி2 இரண்டும் கிழக்கே இப்னு தாஷ்ஃபீன் பக்கத்திலும் சந்திக்கின்றன. வழிகாட்டும் செயலி எதைச் சொன்னாலும், மையத்திலிருந்து கடற்கரைக்குப் போகிறவர் கிழக்கே திரும்பிச் சென்று மாறுவதில் பயனில்லை. காசா வோயாஜருக்குக் கிழக்கே குடியிருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சந்திப்பு உதவும்.

9. விமான நிலையத்திலிருந்தும் இரயிலிலிருந்தும் டிராமுக்கு வருதல்

விமான நிலையத்தின் கீழ்த்தளத்தில் இரயில் நிலையம் உள்ளது. அங்கே காசா வோயாஜர் வரை இரயில் சீட்டு வாங்குங்கள். இது தேசிய இரயில்வேயின் சீட்டு. டிராமுக்குச் செல்லாது. காசா வோயாஜரில் இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே டி1 நிறுத்தம். தாஞ்சியரிலிருந்து அல் போராக் அதிவேக இரயிலில் வருபவர்களும் இதே நிலையத்தில்தான் இறங்குவார்கள்.

இங்கே மையத்துக்குச் செல்ல லிஸ்ஸாஸ்ஃபா திசை. எதிர்த்திசையில் ஏறினால் சிதி மூமினுக்குப் போய்விடுவீர்கள்.

காசா போர் நிலையத்தில் இறங்கியவர்கள், வாசலில் டி3 நிற்கிறதே என்று அதில் ஏறிவிடுகிறார்கள். அது தென்கிழக்கே செல்வது. மையச் சதுக்கத்துக்கோ மேற்குப் பகுதிக்கோ போக வேண்டுமானால், உஃபுவே புவானி பெருஞ்சாலை வழியே ஐக்கிய நாடுகள் சதுக்கத்துக்கு நடந்து சென்று டி1 ஏறுவதே நேர்வழி. பத்து நிமிட நடை.

பெரிய பெட்டிகளோடு காலையில் அலுவலக நேரத்திலும் மாலை ஐந்து மணிக்கு மேலும் டி1 ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாணவர்களும் தொழிலாளர்களும் நிறைந்த வண்டியில் ஒரு பெட்டி மூன்று பேரின் இடத்தை அடைத்துக்கொள்ளும். சிறு டாக்சியில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நால்வர் என்றால் இரண்டு டாக்சிகள் வேண்டும்.

10. நேரத்தைக் கணக்கிடுதல்

பகலில் வண்டிகள் அடிக்கடி வரும். ஒன்றைத் தவறவிட்டதற்காக ஓட வேண்டியதில்லை. இரவில் பத்து மணிக்குப் பிறகு திரும்பும் பயணத்தை டிராமை நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள். தடம் மாற வேண்டிய பயணமானால் இன்னும் முன்னதாகவே கிளம்ப வேண்டும். முதல் வண்டி கிடைத்து, மாறுமிடத்தில் இரண்டாவது கிடைக்காமல் நிற்பது நடக்கக்கூடியது. அப்போது துணை சிறு டாக்சிதான். இரவு எட்டு மணிக்கு மேல் அதன் மீட்டர் கட்டணத்தில் பாதி கூடுதலாகச் சேரும். அதை ஏமாற்று என்று எண்ணிச் சண்டையிட வேண்டாம்.

ரமலான் மாதத்தில் சேவை நேரங்கள் மாற்றப்படுகின்றன. சூரியன் மறையும் வேளையில் நகரமே வீட்டுக்குள் போய்விடுவதால் வண்டிகளின் இடைவெளியும் கூடும். அந்த நேரத்துக்கு ஒரு மணி முன்பு நெரிசல் உச்சத்தில் இருக்கும். மேலும், 2018 முதல் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக ஓடும் மொரோக்கோக் கடிகாரம், ரமலானுக்காகப் பின்னுக்குத் திருப்பப்பட்டு, மாதம் முடிந்ததும் மீண்டும் முன்னுக்கு வருவது வழக்கம். கைப்பேசி தானாக மாறியிருக்கிறதா என்று அந்த நாட்களில் நிறுத்தத்தின் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ராஜா, விதாத் ஆகிய இரண்டு உள்ளூர்க் கால்பந்துக் கழகங்களும் மோதும் நாளில், மஆரிஃபை ஒட்டிய நிறுத்தங்களை மாலை முழுவதும் தவிர்த்துவிடுங்கள்.

11. தண்டவாளத்தைக் கடத்தல்

ஐந்தாம் முகம்மது பெருஞ்சாலையின் மையப் பகுதியில் கார்கள் கிடையாது. நடப்பவர்களும் டிராமும் மட்டுமே. கல் பாவிய தளத்துக்குள் தண்டவாளம் பதிந்திருப்பதாலும், உயர்ந்த விளிம்பு எதுவும் இல்லாததாலும், அங்காடித் தெருவில் நடப்பதாக எண்ணி வண்டியின் பாதைக்குள் போய்விடுவது எளிது. மின்சார வண்டி சத்தமின்றி வரும். மணி கேட்கும்போது அது மிக அருகில் வந்திருக்கும். பலகைகளைப் படம் எடுக்கவோ கட்டடங்களை அண்ணாந்து பார்க்கவோ வேண்டுமானால், முதலில் ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.

கடக்கும்போது முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் பாருங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் முதலில் வலப்பக்கம் பார்த்தால், உங்களுக்கு அருகிலுள்ள தண்டவாளத்தில் வரும் வண்டி முதுகுப் பக்கத்திலிருந்து வந்துவிடும். ஒரு டிராம் கடந்து சென்றதும் உடனே கால் வைக்காதீர்கள். அதன் மறைவில் எதிர்த்திசை வண்டி வந்துகொண்டிருக்கலாம்.